அப்பாவின் நிற்காத சில்லு

ஜேர்மனியில், எர்லாங்கனில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவள் நான். போன கிழமை சறுக்கலில் பிரேக் பிடிக்க, ரப்பர் கருகி மணத்தது. எனக்கு, ஹம் நகரத்தில் நான் வளர்ந்த எங்கள் வீட்டு நிலவறை ஞாபகம் வந்துவிட்டது. மல்லிகை மணத்தில் ஊரை நினைப்பவர்கள் மன்னிக்கவும், எனக்கு வாய்த்தது இதுதான்.

அந்த நிலவறையில் அப்பா ஒரு மெசின் செய்தார். பழைய வோஷிங் மெசின் மோட்டர், ரப்பர் பெல்ட், பாரமான இரும்புச் சில்லு, ஒரு டைனமோ. ஒருக்கால் கரண்டில் சுழற்றிவிட்டால் பிறகு தானே கரண்ட் எடுத்துத் தானே ஓடுமாம். எங்கள் தமிழ் ஆக்களுக்கு அப்படியான மெசினை விற்றுத் திரிந்த ஒருவர் சொன்னது. அப்பாவுக்கு வாங்கப் பிடிக்காது, செய்து பார்க்கத்தான் பிடிக்கும்.

கரண்ட் வயரைக் கழற்றினால் சில்லு கொஞ்சம் சுற்றும், பிறகு நிற்கும். "பாரம் காணாது" என்பார் விற்கிறவர். அப்பா இன்னும் பாரமான சில்லுப் போடுவார். அது இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நிற்கும்.

நான் அப்போதுதான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியிருந்தேன். பௌதிகம் முழுக்க என் தலைக்குள் என்ற நினைப்பு. "குடுத்ததைத்தான் அது திருப்பித் தரும் அப்பா. உராய்விலை அதுவும் குறையும்."

"புத்தகத்திலை கிடக்கட்டும். நான் பாத்திட்டுச் சொல்லுறன்."

ஒரு மாரி முழுக்கப் பார்த்தார்.

பிறகு எங்கள் ஆக்கள் கூடும் மண்டபத்தில் மெசினைக் காட்டி விற்க ஒரு கூட்டம். விற்கிறவர் தன் மெசினை ஓடவிட்டு, செய்துபார்த்த அனுபவத்தைச் சொல்லும்படி அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

"நான் செய்து பாத்தனான். ஓடேல்லை. ஓடாது" என்றார் அப்பா.

"அண்ணைக்குச் செய்யத் தெரியேல்லை."

"அப்ப உங்கடை வயரைக் கழட்டுங்கோ. இருந்து பாப்பம்."

"இண்டைக்கு ஏலாது அண்ணை."

அப்பா ஒரு கதிரையை இழுத்து மெசினுக்கு முன்னால் போட்டு இருந்துவிட்டார். எழும்பச் சொல்லிச் சனம் சத்தம் போட்டது. நல்ல விசயத்தைக் கெடுக்கிறார் என்றார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் விற்கிறவர்தான் மெசினைக் கட்டிக்கொண்டு போனார்.

வரும் வழியில், "வெக்கமா இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஓடேல்லை எண்டு சொல்ல என்ன வெக்கம்? ஓடினது எண்டு சொல்லியிருந்தால் உன்ரை முகத்தைப் பாக்க ஏலாது."

அதன் பிறகு கனபேர் அவரோடு கதைக்கவில்லை. அவரும் போய் யாரோடும் சமாதானம் பேசவில்லை.

இப்போது அப்பா இல்லை. மண்டபத்தை இடித்துவிட்டார்கள். ஹம்முக்குப் போனால், "எங்களுக்கு அப்பவே தெரியும் பிள்ளை" என்கிறார்கள் எல்லோரும். அந்த மெசினை நம்பின ஒரு ஆளைக்கூட அந்த ஊரில் இனிக் கண்டுபிடிக்க முடியாது.