சாமி இல்லாத சன்னதி

ஆம்பூரில் தோல் கிடங்கு வேலைக்குப் போகும் கன்னியப்பனின் மனைவி அமிர்தவள்ளி. காய்ச்சலில் மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் படுத்தபோது, பிழைத்தால் ஈசுவரன் சன்னதியில் கற்பூரம் ஏற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டாள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மூத்தவனைப் புதைத்தார்கள். அவள் அழவில்லை. வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் சாதியாரைப் பெரிய கோயில்களுக்குள் விடாத காலம் அது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஈசுவரன் கோயிலில் யாரும் தடுப்பதில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் எல்லோரையும் அழைத்துப் போனான். முதலைகள் கிடக்கும் என்று கேட்டிருந்த அகழியைக் கண்டதும் பையன், "முதல எங்கப்பா?" என்று நச்சரித்தான்.

"நீ போடற கூச்சல்ல ஓடிப்போய்ட்டிருக்கும்."

கருவறையில் லிங்கம் இல்லை; பழைய போர்க்காலத்தில் வெளியே எடுத்துப் போனது திரும்பவில்லை. வௌவால் நாற்றம்தான் இருந்தது.

"இன்னாய்யா, சாமியக் காணோம்?"

"சாமி இல்லாததாலதான் நம்மள உள்ள உடறாங்க, வள்ளி."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பிறகு வெறுங்கல்லின் மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினாள். சின்னவள் கைகூப்பிக்கொண்டு, "யாரக் கும்பிடணும்மா?" என்று கேட்டாள்.

"தெரியல கண்ணு. அணையறதுக்குள்ள கும்பிட்டுடு" என்றாள் அமிர்தவள்ளி.