ஊருக்குத் தெரியாமல் ஒரு பெட்டி

என் தைரியம் ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. அந்தப் பருமனில் ஒரு சின்னப் பெட்டியைக் கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்து ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காரணம் தம்பியின் கல்யாணப் பேச்சு. எங்கட பக்கம் பொம்பிளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. நானும் என் மனைவிக்கு அவள் வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில்தான் குந்தியிருக்கிறேன். தம்பிக்குப் பார்த்த பிள்ளையின் வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். வீடு கட்டி முடித்திருந்தார். அதுக்கு மேல்மாடியும் வேணும் என்றார் என் மாமா, உம்மாவின் காக்கா.

"அப்ப இருக்கிற வயலத்தான் விக்கணும்" என்றார் அந்த மனிசன், மெதுவாக.

நான் மூத்தவன், வாத்தியார் வேறு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வட்டிலப்பத்தைப் பார்த்தேன். ரெண்டாந் துண்டும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்த மறுகாதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதிக் கிழிக்க வேணும்! ஆனால் சொந்தப் பேரிலா? கல்முனையில் ளுஹர் தொழுகைக்கு எழுதினால் அஸர் தொழுகைக்குள் மாமாவின் காதில் நிற்கும். பெட்டியைப் பொருத்தக் கணினிக் கடைக்காரனைக் கூப்பிட்டாலும் அதே கதைதான். ஆகவே ரெண்டு சனி ஞாயிறு மண்டையை உடைத்து நானே பெட்டியைப் பூட்டினேன். ரவுட்டர் வயர் அதற்குள் போகும். அதிலிருந்து வருகிற வைஃபையில் எது ஏறினாலும் மூன்று நாட்டுக் கணினிகளைச் சுற்றித்தான் வெளியே போகும், ஆர் எங்கிருந்து வந்தான் என்று ஒருத்தருக்கும் விளங்காது. கணினியில் நான் பிழை விட்டாலும் பெட்டி விடாது, நேர்ப் பாதையே அதில் கிடையாது. எனக்கு மட்டும் வைத்தால் சந்தேகம் வரும் என்று முழு வீட்டையும் அதில் ஏற்றினேன். என்ன மூளை பாருங்கள்!

"இஞ்ச பாருங்க" என்றாள் மனைவி. "புரியாணி வீடியோவப் போட்டா வெள்ளக்காரன்ட பாசையில விளம்பரம் வருது. நான் மனிசியா மிசினாண்டு வேற கேக்குது."

"பாதுகாப்புக்கு."

"ஆருக்கிட்ட இருந்து?"

"கள்ளனுகளுக்கிட்ட இருந்து" என்றேன்.

வயலை விற்று மாடி கட்டச் சொல்லும் சமூகமே, உனக்கு வெட்கமில்லையா என்று பேரில்லாமல் ஒரு கட்டுரை போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லார் போனிலும் அதுதான். "ஆரோ துணிஞ்சவன்" என்றார்கள். ஓம், துணிஞ்சவன்தான் என்று நானும் தேத்தண்ணி குடித்தேன்.

திங்கட்கிழமை மனைவி சொன்னாள்: "அந்த வயலுக்கு ஆள் வந்திட்டாம். வியாழக்கிழம வித்து உறுதி எழுதுறாங்களாம்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, ரெண்டாவது கட்டுரை எழுதக் கணினியைத் திறந்தேன். முதலாவதன் கீழே புதுசாக ஒரு கருத்து வந்திருந்தது.

"துணிஞ்சவரே, நல்லாத்தான் எழுதிரிக்கீங்க. அண்டைக்கி நீங்க ரெண்டாந் துண்டு வட்டிலப்பம் எடுக்கக்குள்ள நான் திரைக்கு அங்கால பொம்பிளையளோட இருந்தன். இப்ப வாயத் துறப்பீங்க, இப்ப துறப்பீங்கண்டு பாத்துக்கிட்டே இருந்தன். வியாழக்கிழமைக்கு இன்னம் நேரமிருக்கி."

பேர் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஏதோ ஐரோப்பிய நாடு என்று காட்டியது. பெட்டி பிசகில்லாமல் வேலை செய்திருந்தது.

முகமெல்லாம் எரிந்தது. குசினிக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோ என்னமோ எழுதிரிக்கு..."

"ஆராம்?"

"தெரியல்ல."

"நல்ல பெட்டிதான்" என்றாள். கையைத் துடைத்தாள், தன் போனை எடுத்து மாமா வீட்டு நம்பரை அமத்தி என் கையில் வைத்தாள். வைஃபை இல்லை, வெறும் போன் கோல். மூன்று நாடு சுற்ற அதற்குத் தெரியாது.

அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது.

"ஹலோ, ஆரு கதைக்கிற?"

அவள் வெங்காயத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேரைச் சொன்னேன்.