எண்டர் தட்டுவதற்கு முன்

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி துவாக்குடி வருவார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் மட்டும், ஒரு கோடாக. மௌஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை வாய்க்குள் படிப்பார். பிறகுதான் எண்டர்.

ஸ்டோர்ஸில் இருந்த என்னை ஒருநாள் டிஸ்பாட்ச் குரூப்பிலும் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தால்தான் அந்த ஃபைல்கள் எனக்குத் திறக்கும். சரக்கு ஏற்றிய லாரி, நான் அதில் போட்டுத் தர வேண்டிய டெலிவரி சலானுக்காக கேட்டில் நின்றது. அவர் கைகளோ மடியில் இருந்தன.

“தட்டுங்க சார், லேட்டாகுது.”

“இருங்க. இதுல ஒரு எழுத்து விட்டுப்போனா, புது குரூப்ல சேர்த்துட்டு பழசு எல்லாத்துலேர்ந்தும் தூக்கிடும். ஒருத்தருக்கு அப்படிப் பண்ணிட்டேன். எந்த ஃபைலும் திறக்கலைன்னதும், வேலையை விட்டே எடுத்துட்டாங்கன்னு நெனச்சு, அவர் சாயங்காலம் வரைக்கும் கேன்டீன்லயே உக்காந்திருந்தார்.”

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் சொன்னேன். ‘நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?’ன்னார்.”

எண்டரைத் தட்டினார். அடுத்து இன்னொரு கட்டளை. நான் இருக்கும் குரூப்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. திரையை என் பக்கம் திருப்பினார்.

“எல்லாத்துலயும் இருக்கீங்களான்னு நீங்களே பாத்துக்கங்க.”

பார்த்தேன். இருந்தேன். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.