சோற்றுக்கு உட்கார்ந்த மனிதர்

இபுராகிம் பாய் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியை அவருடைய மைத்துனர் காலையில் எங்கள் தோல் பதனிடும் ஷாப் வாசலுக்கு வந்து சொன்னார். மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் பேகம்பூர் மையவாடியில் அடக்கம். சுண்ணாம்புக் குழியிலிருந்து நாங்கள் மேலே ஏறினோம். மேஸ்திரி வழியை மறித்தார்.

"சோத்து மணி அடிக்கட்டும், போயிட்டு வாங்க. அதுக்குள்ள பாய் எந்திரிச்சா போயிருவாரு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலாளி இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்கிறார். எளிமையான மனிதராம். ஆசையே இல்லாதவராம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு திருப்தியாக வாழ்ந்தாராம். அவருடன் வேலை செய்த எங்களுக்குத் தெரியும், இது பச்சைப் பொய். பாய்க்கு ஆசைகள் இருந்தன. உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டும். ரெட்டியார்சத்திரம் சாலையில் மனைவியோடு காலாற நடக்க வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவையும் எங்கள் ஷாப்பில் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் சோற்று மணிக்கும் வேலை மணிக்கும் இடையில் ஒரு பீடி குடிக்கிற நேரம்தான். சுண்ணாம்பு தின்ற விரல்கள் வெடித்துக் கிடக்கும். கையைக் கழுவினால் சாப்பிட நேரமில்லை. சாப்பிட்டால் கழுவ நேரமில்லை. நாங்கள் கழுவாமல், நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டோம். பாய் மட்டும் தொட்டித் தண்ணீரில் விரல் விரலாகக் கழுவிவிட்டு, ஆவாரம்பட்டை மூட்டைகளின் நிழலில் காலை மடக்கி உட்கார்ந்தார். வேலை மணி அடித்தது. அவர் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன பாய், கலியாண விருந்தா?" என்றார் மேஸ்திரி.

"ஆமா. நாந்தான் மாப்பிள்ளை. மாப்பிள்ளைய பாதியில எழுப்பக் கூடாது."

அதற்காக அவரைச் சில நாள் வேலையில் சேர்க்காமல் வெளியே நிறுத்தினார்கள். திரும்ப எடுத்த அன்றும் அவர் அதே இடத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். பிறகு குழி வேலைக்காரர்கள் எல்லோரும். சென்னைக்குப் போக வேண்டிய சரக்கு குழிக்குள் கிடந்ததால் முதலாளி இறங்கிவந்தார். சாப்பிட அரை மணி நேரம் கிடைத்தது.

எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வராத வாரம் கிடையாது. கூலியைக் கேட்காமல் நேரத்தைக் கேட்கிறீர்களே, நிதானமாக வாழ்வது வயிறு நிறைந்தவனுக்குத்தானே என்று கத்துவேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "கூலியயும் கேளு அப்பு. ஆனா நாளு பூராவையும் வித்துப்புட்டு, அந்தக் காசுல என்னத்த வாங்கப் போற?"

அவர் இரவு வேலைக்குப் போக மறுத்தார். அதனால் அவர் வீட்டில் வராத பொருள்கள் உண்டு. அவர் மனைவி என்னிடமே முறையிட்டிருக்கிறார்: தெருவே ரேடியோ வாங்குது, இவரு கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. பாய் சிரித்தார். "ரேடியோ பாடுறப்ப கேக்க ஆளு வீட்டுல இருக்கணும்ல?" இல்லாமை அந்த வீட்டிலும் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எதை விடுவது என்பதை அவரே தீர்மானித்தார். எங்களுக்கு அதை முதலாளி தீர்மானித்தார்.

ஐம்பதைத் தொடாத வயது. பட்டைத் தூள் நெஞ்சில் அடைத்து, இருமி இருமிப் போனார்.

அடக்கத்தன்று சோற்று மணி அடித்ததும் ஓடினோம். அவரைக் கிடத்தியிருந்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வாங்கினோம். கபரில் இறக்கி முடிக்கும்போதே மேஸ்திரி சைக்கிளில் வந்து மையவாடி வாசலில் நின்று மணியை அடித்தார். நேரம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்றார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவது வழக்கம். வரிசை நீளமாக இருந்தது. நான் கடைசியில் நின்றேன். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை. காலையில் சிரித்த இருவரும்கூட. ஒவ்வொருவரும் குனிந்து, மண்ணை அள்ளி, நின்று நிதானமாகப் போட்டார்கள். சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

அவரிடமிருந்து பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளி அதைத்தான் என்னிடம் எதிர்பார்க்கிறார். கூப்பிட்டதும் எழுந்து ஓடாத அந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டேன். அடக்கத்துக்கு மறுநாள், சோற்று நேரத்தை மறுபடி குறைக்கப் போவதாக மேஸ்திரி சொன்னார். நாங்கள் விரல் விரலாகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம்.