நிமலினி தைத்த முகங்கள்

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் சந்திக்குச் சந்தி அவருடைய படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அதே பதாகை யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டுக்குக் கூரையாகிவிடும். சும்மா சொல்லக்கூடாது, மழைக்கு நன்றாகத் தாங்கும்.

வட்டுக்கோட்டை நிமலினி தையல் படிப்பிக்கிறவள், தனி ஆள். அந்த முகங்கள் கோழி எச்சத்தில் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வீடு வீடாய்ப் போய்ப் பழைய பதாகைகளைக் கேட்டு வாங்கினாள். கழுவி, முகங்களை மட்டும் வெட்டி, உரப்பைத் துண்டுகளோடும் அறுந்த மீன்வலையோடும் சேர்த்துத் தன் மெசினில் தைத்தாள். அது வளர்ந்து வளர்ந்து ஒரு சுவரளவுக்கு வந்தது. 'எங்கள் இறந்தோர்' என்று பெயர் வைத்தாள். அவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். கொழும்பில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டு ஆள் வந்ததும் அதே வாய்கள் கெட்டிக்காரி என்றன.

அனுப்புமுன் ஊருக்குக் காட்டவேண்டும் என்று தேவாலய மண்டபத்தில் தொங்கவிட்டாள். சனம் தங்கள் ஆட்களைத் தேடிப் பிடித்து அழுதது. அருமைநாயகி அம்மாவும் வந்தார். அவருடைய மகன் சுபாங்கனைப் போர் முடிந்த கையோடு விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள், அவன் திரும்பவில்லை. அப்படிக் காணாமல் போனவர்களைக் கேட்டு எந்த ஆர்ப்பாட்டம் நடந்தாலும் மகனின் படம் போட்ட பதாகையோடு முன்னுக்கு நிற்பவர் அவர்.

நடுவரிசையில் சுபாங்கன் இருந்தான்.

நிமலினி அவனைக் கண்டதே இல்லை. ஒரு விறகுக் குவியலை மூடியிருந்த கிழிசலில் எடுத்த முகம் அது. எழுத்து ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அது ஆர்ப்பாட்டப் பதாகையாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அவன் செத்துப்போனான் எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. எனக்குத் தெரியாமல் போச்சு."

"கழட்டு."

நிமலினி அங்கேயே நிலத்தில் விரித்து, பிளேடால் தையலைப் பிரித்தாள். முகம் கிழியாமல் வந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அருமைநாயகி அவற்றை விரலால் தடவினார்.

"இவ்வளவும் குத்தினனியோ?"

நிமலினி விம்மி அழுதாள். செய்த பிழைக்கு ஏதாவது ஈடு செய்யவேண்டும் போல் இருந்தது அவளுக்கு.

"உந்த இடத்தை வெறுமையாய் விடுறன் அம்மா. அவரை நினைச்சு அப்பிடியே இருக்கட்டும்."

"வேண்டாம். இப்பவே தைச்சு மூடு. செத்தவையளுக்குள்ளை என்ரை பிள்ளைக்கெண்டு ஒரு இடம் இருக்கக்கூடாது."