விடுபட்ட ஒரு வரி

தாம்பரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கெர்னல் பிரிவில் வேலை பார்த்தாள் முடிச்சூர் தபீதாள். கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் மெமரியைப் பங்குபோட்டு, கொடுத்ததைக் கூட்டி, திரும்பியதைக் கழித்து வைப்பது கெர்னல்தான்.

அந்தக் கணக்கு எங்கோ பிசகியது. வாடிக்கையாளரின் இயந்திரங்களில் மெமரி தாராளமாகக் கிடக்கும்போதே, இடமில்லை என்று நல்ல நிரல்களையெல்லாம் கெர்னல் கொன்றுகொண்டிருந்தது. தபீதாள் வாரக்கணக்கில் அதன் பின்னால் அலைந்து பிடித்தாள். மெமரி கொடுக்கும் வேலை பாதியில் தோற்றால், கூட்டியதைக் கழிக்காமலே திரும்பிவிடுகிறது. கழிக்கும் ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது. எழுதியவர் பெயர் கேசவன் என்றிருந்தது.

கேசவன் பக்கத்து இருக்கைக்காரன். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருபவன். அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவனும் அவனே.

"தபீ, திருத்தத்த அனுப்பு. யார் தப்புன்னு மட்டும் எழுதாத. ஆள் கொறைக்கிற நேரம். வூட்ல அவளுக்கு எட்டாவது மாசம்" என்றான், டீ குடிக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னதும்.

"எழுதலன்னா மேடம் கேப்பாங்களே."

"கேட்டா சொல்லு. நீயா எழுதாத."

மேலாளர் மிருதுளா கேட்கும் வரை தபீதாள் காத்திருக்கவில்லை. அறிக்கையில் கேசவன் பெயரை அவளாகவே எழுதினாள். அதுதான் முறை என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். குறைக்கப்போகும் ஆட்களில் தானும் இருக்கலாம் என்ற பயத்தைப் பற்றி மனதோடுகூடப் பேசவில்லை.

கூட்டத்தில் மிருதுளா கேசவனை எழுப்பினாள். "போர்டுல எழுதிக் காட்டுங்க கேசவன். கழிக்கறத ஒருத்தர் எப்படி மறப்பார்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

சிரித்தார்கள். கேசவன் எழுதினான். "இங்க கழிச்சிருக்கணும். நான் கவனிக்கல."

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

மறுபடியும் சொன்னான். அந்த வாரமே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

மழைக்காலத்தில் வேறொரு கோளாறுக்காகப் நிரலின் பழைய பிரதிகளைத் துழாவினாள் தபீதாள். கேசவன் முதலில் எழுதிக் கொடுத்ததில் அந்த வரி இருந்தது. வாடிக்கையாளருக்கான பிரதியில் சேர்க்கும்போது, அவசரத்தில் அதை அழித்துவிட்டவள் மிருதுளா. பெயர் மட்டும் கேசவனுடையதாகவே நின்றிருக்கிறது.

மிருதுளாவின் அறைக்குப் போய்க் காட்டினாள். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"வேற யார் பாத்தாங்க?"

"யாரும் இல்ல மேடம்."

"அவரேதான் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாரே. உன் ப்ரமோஷன் என் டேபிள்லதான் இருக்கு தபீதாள். போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று கேசவனை அழைத்தாள். அவன் இப்போது குன்றத்தூர்ப் பக்கம் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

"அந்த வரிய நீ எழுதித்தான் இருந்திருக்க, கேசவா. மேடம் கைல அழிஞ்சுபோச்சு."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். "ஆபீஸ்ல சொன்னியா?"

"மேடம்கிட்ட சொன்னேன்."

"மத்தவங்ககிட்ட?"

"இல்ல."

"அப்போ என்கிட்ட எதுக்குச் சொல்ற? என் தப்புன்னு நெனச்சு எப்படியோ அடங்கிக் கெடந்தேன். இனிமே அதுக்கும் வழியில்ல."

வைத்துவிட்டான். அடுத்த மாதம் தபீதாள் சீனியர் ஆனாள். மிருதுளா கேக் வாங்கி வைத்து வெட்டச் சொன்னாள். வெட்டினாள்.