உச்சி மாடி என்னுடையது

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பாவுக்கு நான்கு பெண்கள். வாவிக் கரையில் இருந்ததோ எங்கள் வீடு நின்ற ஒரேயொரு துண்டு வளவு. நான் கடைக்குட்டி.

வாப்பா பட்டினத்து அரசாங்கக் கந்தோரில் மதகுகளுக்கும் பாலங்களுக்கும் படம் கீறுகிறவர். இஞ்சினியர் துரை கழித்துப்போட்ட அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எப்படியோ அவர் கைக்கு வந்தது. இன்னும் கட்டவே கட்டாத, வானத்தை முட்டும் கட்டடங்களை யாரோ அதில் கரியால் கீறியிருந்தார்கள். மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்கும் கட்டடங்கள். வாப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் பாயில் கடதாசியை விரித்துவிடுவார். நாலு பெண்களுக்கு நாலு மாடி. கீழே மூத்த ராத்தா, உச்சியில் நான். கிணற்றடியில் ஒரு சின்னச் சதுரமும் இருந்தது. அது கோழிக்கூடு என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

என் மாடி ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும். கீழே இருப்பவர்களுக்கு வெளிச்சம் வர அப்படித்தான் ஒடுக்க வேண்டுமாம். அப்படியென்றால் மூத்த ராத்தா உச்சிக்குப் போகட்டும், எனக்கு மட்டும் ஏன் இந்தப் புறாக்கூடு என்று சண்டை பிடித்தேன். உச்சியிலிருந்து வாவி முழுக்க உனக்குத்தான் தெரியும் என்று வாப்பா சிரித்துச் சமாளித்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூத்தவருக்குக் கலியாணம் பேசியதும் மேசன் வந்து அத்திவாரத்துக்குத் தோண்டிப் பார்த்தார். இடுப்பளவிலேயே தண்ணீர் ஊறியது. இந்த மணலில் நாலு மாடி நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா படத்தைச் சுருட்டிப் பெட்டகத்தின் மேல் வைத்தார். மூன்று ராத்தாமாருக்கும் நிலத்திலேயே மூன்று வீடுகள் எழும்பின. அத்தோடு வளவு முடிந்தது.

என் முறை வந்தபோது, நாங்கள் இருந்த வீட்டையே என் பெயருக்கு எழுதினார். கலியாணத்துக்கு முந்தின வாரம் கிணற்றடியில் ஓர் ஓலைக் குடில் போட்டு, உம்மாவின் பெட்டகத்தை அங்கே தூக்கினார்கள். மேலே இருந்த படச்சுருள் உருண்டு விழுந்தது. எடுத்து விரித்தேன்.

"நாலு மாடியும் எங்களுக்கு. நீங்களும் உம்மாவும் இதில எங்க இருக்கப் போறீங்க, வாப்பா?"

அவர் கிணற்றடிச் சதுரத்தில் விரலை வைத்தார்.

"இது எங்களுக்கு, மகள். மொத நாளே கீறிட்டன்."

எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்த படம் அது. வெட்கமாக இருந்தது, தாங்க முடியவில்லை. அன்று நான் அழுததைக் கலியாண அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.